வட்டையில் எடுத்த படம் கந்தோரில் ஏன் தடுமாறுகிறது?

2024 நவம்பர் கடைசியில் மட்டக்களப்பு, அம்பாறை வயல்களை வெள்ளம் மூடியபோதும், அடுத்த வருடம் அதே மாதக் கடைசியில் டித்வா புயல் வந்தபோதும் கையில் போன் இருந்த எல்லோரும் படம் எடுத்தார்கள். விவசாயி எடுத்தார், வயல்களுக்குப் பொறுப்பான வட்டவிதானை எடுத்தார், கிராம உத்தியோகத்தர் எடுத்தார், பார்க்கப் போன உறவுக்காரரும் எடுத்தார். படங்கள் வட்ஸ்அப் குழுக்களில் சுற்றின. தண்ணீர் வடிந்து நட்டஈட்டுக்குப் படிவம் நிரப்பும் கட்டம் வந்ததும்தான் குழப்பம் தொடங்குகிறது. படம் இருக்கிறது, ஆனால் அது எந்த வயற்கண்டம், எந்த நாள், யார் எடுத்தது என்று கேட்டால் படத்தைக் காட்டிப் பதில் சொல்ல முடிவதில்லை. எங்கும் ஒரே தண்ணீர், ஒரே மாதிரி வரம்பு. போன வருட வெள்ளத்தையும் இந்த வருட வெள்ளத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எடுத்தவருக்கே அடையாளம் தெரியாது.

விவசாயிக்கு மட்டும் உரிய சிக்கல் இல்லை இது. மதகு கட்டும் ஒப்பந்தக்காரர், டெங்குக்கு வீடு வீடாகப் போகும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், வீட்டுத்திட்டத்தில் அத்திவாரம் அளக்கும் தொழில்நுட்ப உத்தியோகத்தர், குளக்கட்டில் கசிவு பார்க்கும் நீர்ப்பாசனத் திணைக்களத்து ஆள் என்று வெளிக்கள வேலை செய்யும் எல்லோருக்கும் இப்போது கமரா என்றால் போன்தான். அந்தப் போன் எடுக்கும் கோப்பில் என்ன இருக்கிறது, அது எங்கே தொலைகிறது, தொலைந்தால் என்ன நடக்கும் என்பதை அடியிலிருந்து பார்ப்போம்.

ஒரு படக் கோப்புக்குள் என்ன இருக்கிறது

போனில் ஒரு படம் எடுத்தால் இரண்டு விஷயங்கள் ஒரே கோப்பில் சேமிக்கப்படுகின்றன. ஒன்று நாம் கண்ணால் பார்க்கும் காட்சி. மற்றது அந்தக் காட்சியைப் பற்றிய விவரம்: எடுத்த திகதி, நேரம், போனின் மாதிரி, லென்ஸ், வெளிச்ச அளவு, லொக்கேஷன் போட்டிருந்தால் இடத்தின் அகலாங்கு நெட்டாங்கு. இந்த விவரப் பகுதிக்குப் பெயர் எக்சிஃப். 1995 இல் ஜப்பானில் உருவான தரம் இது, இன்று ஏறத்தாழ எல்லாப் போனும் இதைப் பின்பற்றுகிறது. பழைய ஸ்டூடியோப் படங்களின் பின்பக்கத்தில் திகதியும் ஊரும் எழுதி வைப்பார்களே, அந்த வேலையைத்தான் இது செய்கிறது. ஆனால் போனில் படத்தைத் திறந்தால் அது தானாகக் கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் அது போனாலும் யாரும் கவனிப்பதில்லை.

பார்க்க வேண்டுமென்றால் கடினம் ஒன்றுமில்லை. கூகுள் போட்டோஸில் படத்தைத் திறந்து மேலே தள்ளினால் திகதி, கோப்பின் பெயர், இடம் எல்லாம் வரும். கணினியில் என்றால் கோப்பின் மேல் வலது கிளிக் செய்து புரோபர்ட்டீஸ், அதற்குள் டீடெயில்ஸ். இன்றைக்கு எடுத்த ஒரு படத்தையும் குழுவில் வந்த ஒரு படத்தையும் இப்படித் திறந்து பாருங்கள், மீதிக் கட்டுரை பாதி புரிந்துவிடும்.

நேரமும் இடமும் எங்கிருந்து வருகின்றன

நேரம் போனின் மணிக்கூட்டிலிருந்து வருகிறது. மணிக்கூடு வலையமைப்பிலிருந்து தானாகச் சரிசெய்யப்படும்படி விட்டிருந்தால் நம்பலாம். கையால் மாற்றியிருந்தால் படம் மாற்றிய நேரத்தையே எழுதிக்கொள்ளும். மாற்றியவர் கெட்ட எண்ணத்தில்தான் மாற்றினார் என்றில்லை. பற்றரி முழுதாக இறங்கி, சிம் இல்லாமல், வலையமைப்பு இல்லாத இடத்தில் மீண்டும் போட்ட போன் எந்தத் திகதியை வைத்திருக்கும் என்று சொல்ல முடியாது.

இடம் வருவது செய்மதியிலிருந்து. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள், கொஞ்சம் நின்று பார்ப்போம்.

மட்டக்களப்பு நகரம் ஏறத்தாழ வட அகலாங்கு 7.72 பாகை, கிழக்கு நெட்டாங்கு 81.70 பாகை. ஒரு பாகை என்பது சுமார் 111 கிலோமீற்றர். ஆகவே தசமத்துக்குப் பிறகு இரண்டு இலக்கம் இருந்தால் ஒரு கிலோமீற்றர் அளவுக்குத்தான் இடம் தெரியும், நான்கு இலக்கம் என்றால் 11 மீற்றர், ஐந்து என்றால் ஒரு மீற்றர். சில கமரா ஆப்கள் ஆறு இலக்கம் அச்சிடுகின்றன. அப்படிப் பார்த்தால் 11 சென்ரிமீற்றர் துல்லியம்! அது வெறும் இலக்கம். சாதாரணப் போனின் ஜிபிஎஸ் திறந்த வானத்தின் கீழே ஐந்து மீற்றர் அளவில் சரியாக இருக்கும், தென்னந்தோப்புக்குள்ளும் கண்ணாக் காட்டுக்குள்ளும் தகரக் கூரையின் கீழும் அதைவிட மோசமாகும்.

இதன் விளைவை ஏக்கரில் சொன்னால் புரியும். ஒரு ஏக்கர் சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் 64 மீற்றருக்குக் கொஞ்சம் குறைவு. ஐந்து மீற்றர் பிழையோடு "இது இந்த ஏக்கருக்குள் எடுத்த படம்" என்று காட்டலாம். ஆனால் வரம்பை ஒருவர் இரண்டடி வெட்டித் தள்ளிவிட்டார் என்ற தகராறுக்குப் போன் ஜிபிஎஸ்ஸைக் கொண்டு போனால் எதிர்த்தரப்பு சிரித்துவிட்டுப் போகும். அதற்கு நில அளவையாளர் வர வேண்டும், வேறு வழியில்லை.

இன்னும் மூன்று விஷயங்கள்:

1. படத்தில் பதிவது கமரா நின்ற இடம். எடுத்த பொருள் நின்ற இடம் அல்ல. வீதியில் நின்று 200 மீற்றர் தள்ளியிருக்கும் உடைந்த வாய்க்காலை ஸூம் செய்து எடுத்தால், படம் வீதியைத்தான் சொல்லும்.

2. போன் முதலில் இடத்தைப் பிடிக்க நேரம் எடுக்கும். டேட்டா இருந்தால் செய்மதிகளின் பாதை விவரத்தை வலையமைப்பிலிருந்து எடுத்துக்கொண்டு சில வினாடிகளில் பிடித்துவிடும். டேட்டா இல்லாத இடத்தில் அதே விவரத்தைச் செய்மதியிலிருந்தே இறக்க வேண்டும். குறைந்தது அரை நிமிடம், சில வேளை பல நிமிடம். படுவான்கரையின் உள்ளுக்குள்ளே, கவரேஜ் ஒரு கோடு வந்து போகும் இடங்களில், மோட்டார் சைக்கிளை நிறுத்தின கையோடு படம் எடுத்தால் போன் தனக்குக் கடைசியாகத் தெரிந்த இடத்தை எழுதிவிடக்கூடும். வயல் படத்தில் செங்கலடிச் சந்தியின் லொக்கேஷன் வருவது இப்படித்தான். வரைபட ஆப்பைத் திறந்து நீலப் புள்ளி நாம் நிற்கும் இடத்துக்கு வந்து நின்ற பிறகு கமராவைத் திறந்தால் இந்தப் பிரச்சினை பெரும்பாலும் வராது.

3. எக்சிஃப்பில் இரண்டு நேரங்கள் இருக்கும். ஒன்று போன் மணிக்கூட்டின் நேரம், மற்றது ஜிபிஎஸ் தந்த நேரம். ஜிபிஎஸ் நேரம் உலகப் பொது நேரத்தில் எழுதப்படுவதால் காலை 10.15க்கு எடுத்த படத்தில் அது 4.45 என்று இருக்கும். பிழை என்று பயப்படத் தேவையில்லை, நமது நேரம் ஐந்தரை மணித்தியாலம் முன்னால் நிற்கிறது, அவ்வளவுதான். சொல்லப்போனால் இது நல்ல சோதனை: இரண்டுக்கும் இடையில் ஐந்தரை மணித்தியாலத்துக்குப் பதிலாக இரண்டு நாள் வித்தியாசம் இருந்தால் யாரோ போனின் திகதியில் கை வைத்திருக்கிறார்கள், அல்லது போன் பழைய லொக்கேஷனைப் போட்டிருக்கிறது. எப்படியோ, கேள்வி கேட்க வேண்டிய படம்.

வட்ஸ்அப்பில் என்ன தொலைகிறது

சரி, முக்கியமான இடத்துக்கு வருவோம். வட்ஸ்அப்பில் படத்தைப் படமாக அனுப்பினால் இரண்டு வேலை நடக்கிறது. படம் சுருக்கப்படுகிறது, எக்சிஃப் விவரம் நீக்கப்படுகிறது. எச்டி என்று தெரிவு செய்தால் சுருக்கம் குறையும், விவரம் அப்போதும் நீக்கப்படும். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. யாரோ ஒருவர் குழந்தையின் படத்தைக் குழுவில் போடும்போது அவர் வீட்டின் ஜிபிஎஸ் புள்ளியும் கூடவே போனால் நல்லதா? சாதாரண ஆளைப் பாதுகாக்கும் அதே வசதி வேலைப் பதிவுக்குக் குழி வெட்டுகிறது.

கோப்பின் பெயரைப் பார்த்தாலே தெரியும். பல ஆண்ட்ரொய்ட் போன்களில் நேரடியாக எடுத்த படத்தின் பெயர் ஐஎம்ஜி, பிறகு 20241127, பிறகு 101530 என்று இருக்கும். 2024 நவம்பர் 27, காலை 10 மணி 15 நிமிடம் 30 வினாடி. வட்ஸ்அப்பில் வந்து இறங்கிய படத்தின் பெயரில் திகதிக்குப் பின்னால் டபிள்யூஏ 0004 என்பது போல வரும். அந்தத் திகதி படம் எடுத்த திகதி இல்லை, வட்ஸ்அப்பில் அனுப்பிய அல்லது வந்து சேர்ந்த திகதி. 2011 ஜனவரி வெள்ளத்துப் படத்தை இன்று காலை ஒருவர் அனுப்பினால் உங்கள் போனில் அது இன்றையத் திகதியோடு உட்கார்ந்திருக்கும். ஒவ்வொரு மழைக்கும் பழைய கல்லடிப் பாலம், பழைய கல்முனை வீதி என்று படங்கள் புதிதாகக் கிளம்புவது இதனால்தான் இவ்வளவு லேசாக நடக்கிறது.

அப்போ எப்படி அனுப்புவது?

1. வட்ஸ்அப்பிலேயே, இணைப்புக் குறியை அழுத்தி டொக்கியுமென்ட் என்பதைத் தெரிவு செய்து, படத்தைக் கோப்பாக அனுப்பலாம். எடுத்த கோப்பு அப்படியே போகும். இந்த ஒரு பழக்கம் வந்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

2. மின்னஞ்சலில் இணைக்கலாம். ஆனால் ஐபோனில் பகிரும்போது மேலே ஒப்ஷன்ஸ் என்று ஒன்று வரும். அதில் லொக்கேஷன் அணைந்திருந்தால் இடவிவரம் இல்லாமல்தான் போகும். பார்த்துவிட்டு அனுப்ப வேண்டும்.

3. கணினியில் கேபிள் போட்டு நேரடியாக எடுப்பது. பழைய முறை, பிழைக்கு இடம் குறைவு.

4. இணையப் படிவத்தில் ஏற்றுவது. இங்கே ஒரு மறைவான சிக்கல்: ஆண்ட்ரொய்ட் 10 இலிருந்து, அனுமதி இல்லாத ஆப்புக்குப் படத்தின் இடவிவரத்தைப் போன் கொடுப்பதில்லை. உலாவி வழியாக ஏற்றும் படத்தில் திகதி இருந்து இடம் மட்டும் காணாமல் போவது இப்படித்தான். படிவம் உருவாக்குபவர் இடத்தைத் தனிக் கேள்வியாக வைத்துவிட வேண்டும்.

மேலே அச்சடித்த திகதி எவ்வளவு பெறும்

படத்தின் மூலையில் திகதி, நேரம், இடம், சில வேளை சின்ன வரைபடம்கூட அச்சடித்துத் தரும் ஆப்கள் இப்போது ஊரெல்லாம். வட்ஸ்அப்பில் எக்சிஃப் அழிந்தாலும் அச்சு அழியாது என்பது அவற்றின் நல்ல குணம். ஒரு மேலதிகாரி நூறு படத்தை வேகமாகப் பார்த்துப் பிரிப்பதற்கு இது போதும், வசதியும்கூட.

ஆனால் அச்சு ஆதாரம் ஆகாது. அது போனின் மணிக்கூடு சொன்னதையும் போனின் லொக்கேஷன் சொன்னதையும் எழுத்தாக்குகிறது, அவ்வளவே. ஆண்ட்ரொய்டில் டெவலப்பர் செட்டிங்ஸுக்குள் போய்ப் போலி லொக்கேஷன் கொடுக்கலாம், வீட்டில் இருந்தபடி பொத்துவிலில் நிற்கலாம். எந்த எழுத்தையும் படத்தின் மேல் யாரும் ஒட்டலாம். எக்சிஃப்பையும் திருத்தலாம்தான். ஆக ஒன்றை மட்டும் நம்பாமல் அச்சு, எக்சிஃப், கோப்பின் பெயர், படத்துக்குள் தெரியும் காட்சி, எடுத்தவரின் குறிப்பு என்று பலதும் ஒன்றோடொன்று பொருந்துகிறதா என்று பார்க்கிறார்கள். என்னைக் கேட்டால், அச்சடிக்கும் ஆப்பில் எடுப்பவர்கள் அச்சில்லாத மூலப்படத்தையும் சேமிக்கும்படி செட்டிங்ஸை மாற்றி வைக்க வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் ஓப்பன் கமராவில் அச்சும் எக்சிஃப்பும் இரண்டும் வரும்.

காட்சியே சாட்சி சொல்லும்படி எடுப்பது

விவரம் எல்லாம் சரியாக இருந்தும் படம் எதையும் காட்டாமல் போகலாம். வெள்ள வயலையே எடுங்கள். நின்ற உயரத்தில் நின்று, சூரியனைப் பார்த்து எடுத்தால் தண்ணீர் கண்ணாடியாக வானத்தைக் காட்டும்; கீழே பயிர் இருக்கிறதா, அழுகிவிட்டதா, விதைக்கவே இல்லையா என்று எதுவும் தெரியாது. சூரியன் முதுகுப்பக்கம் இருக்க, போனைக் கொஞ்சம் கீழ்நோக்கிச் சரித்து எடுத்தால் அதே தண்ணீருக்குள் பயிர் தெரியும்.

பெரும்போகத்து இளம்பயிர் முழுக்க மூழ்கினால் எத்தனை நாள் மூழ்கிக் கிடந்தது என்பதுதான் கேள்வி. சாதாரண நெல்லினங்கள் ஒரு வாரத்துக்கு மேல் தாங்குவது அரிது. பார்வையிட உத்தியோகத்தர் வரும்போது தண்ணீர் வடிந்திருக்கும், வடிந்த வயலைப் பார்த்து நின்ற நாட்களை எண்ண முடியாது. அந்த இடைவெளியைப் படம்தான் நிரப்ப வேண்டும். ஆகவே:

1. ஒரே இடத்தில் நின்று, ஒரே திசையில், தினமும் ஒரு படம். இடம் மாறாமல் இருக்க அசையாத ஒன்றைச் சட்டகத்துக்குள் வையுங்கள்: மின்கம்பம், மதகின் தலைச்சுவர், பனை, பள்ளிவாசல் மினாரா, கோயில் கோபுரம்.

2. தூரத்திலிருந்து ஒன்று, நடுத்தரமாக ஒன்று, கிட்டவாக ஒன்று. தூரப்படம் எந்த வட்டை என்று சொல்லும், கிட்டப்படம் என்ன சேதம் என்று சொல்லும், நடுப்படம் இரண்டையும் இணைக்கும். நடுப்படத்தைத்தான் எல்லோரும் விடுகிறார்கள்.

3. கிட்டப்படத்தில் அளவு காட்ட ஏதாவது: அடிமட்டம், அளவுநாடா, எதுவும் இல்லாவிட்டால் ஒரு பேனை. ஆழத்துக்குக் குறி போட்ட தடி.

4. எடுத்தவுடன் போனிலேயே ஒரு குறிப்பு, அல்லது கொப்பியில் ஒரு வரி. யாருடைய காணி, எந்தக் கண்டம், எந்தப் பக்கம் பார்த்து எடுத்தது.

பூச்சித் தாக்கத்துக்கு வேறு கணக்கு. அறக்கொட்டியான் பிடித்த வயல் வட்டம் வட்டமாகக் காயும். அந்த வட்டங்கள் வரம்பில் நின்று எடுத்தால் ஒன்றன்பின் ஒன்றாக மறைந்து ஒரே மஞ்சளாகத் தெரியும். உழவு இயந்திரத்தின் மேல் ஏறி நின்று எடுத்த ஒரு படம் வரம்பில் நின்று எடுத்த பத்துப் படத்துக்குச் சமம். பூச்சி இருப்பது தண்டின் அடியில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே. பயிரை விலக்கிப் பிடிக்க இன்னொரு கை வேண்டும். இலையை மட்டும் எடுத்து விவசாயப் போதனாசிரியருக்கு அனுப்பினால் அவர் என்னதான் சொல்வார்?

மாடுகளும் இப்படித்தான். மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல் தரைப் பிரச்சினையில் தரை பறிபோவதையும் மாடுகள் கொல்லப்படுவதையும் எதிர்த்துப் பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரிலிருந்து சித்தாண்டியில் போராட்டம் நடத்தியது தெரிந்ததே. அப்படியான இடத்தில் செத்த மாட்டின் முழு உடம்புப் படம் ஒன்று மட்டும் இருந்தால் அது யாருடைய மாடு என்று யாரும் சொல்ல முடியாது. காதுத் தோட்டின் இலக்கம் வாசிக்கத் தெரிய ஒன்று, சுட்ட குறி தெரிய ஒன்று, காயம் தெரிய ஒன்று, பின்னணியில் மலையோ மரமோ தெரிய ஒன்று என நான்கும் வேண்டும்.

மூடப்படும் வேலை

கட்டட வேலையில் படத்துக்கு வேறெங்கும் இல்லாத ஒரு பெறுமதி உண்டு, காரணம் அங்கே பாதி வேலை மண்ணுக்குள்ளும் கொங்கிரீட்டுக்குள்ளும் போய்விடுகிறது. அத்திவாரத்தின் ஆழம், கம்பியின் தடிப்பு, கம்பிக்குக் கம்பி இடைவெளி, குழாயின் கீழே போட்ட மணல். மூடிய பிறகு அதைப் பார்க்க ஒரே வழி உடைப்பது.

வடக்கு கிழக்கில் 2012 இல் பெரிய அளவில் தொடங்கிய இந்திய வீட்டுத்திட்டத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு புதிய வீட்டுக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா, வீட்டுக்காரரே கட்டுவது, வேலை ஒவ்வொரு கட்டத்தைத் தாண்டும்போதும் பணம் தவணையாக வருவது. இப்படிக் கட்டம் கட்டமாகப் பணம் விடும் எந்த வேலையிலும் "இந்தக் கட்டம் முடிந்தது" என்று காட்டுவதுதான் அடுத்த தவணையின் சாவி. படம் தெளிவில்லை என்றால் உத்தியோகத்தர் திரும்ப வர வேண்டும், அவர் வரும்வரை மேசன் நிற்க மாட்டார், வேறு வேலைக்குப் போய்விடுவார். அப்புறம் அவரைப் பிடிப்பது வெள்ளத்தில் மாட்டைப் பிடிப்பதைவிடக் கஷ்டம்.

குழியின் ஆழத்தை எடுக்கும்போது நாடாவின் பூச்சிய முனை எங்கே நிற்கிறது என்பது தெரிய வேண்டும். பெரும்பாலான படங்களில் மேலே மூன்றடி என்ற இலக்கம் தெளிவாக இருக்கும், கீழ் முனை நிழலுக்குள் மறைந்திருக்கும். முனை குழியின் அடியைத் தொட்டதா, அரையடி மேலே நின்றதா என்று யாருக்குத் தெரியும்? அடிமுனைக்கு ஒன்று, மேல் இலக்கத்துக்கு ஒன்று, இரண்டும் சேர்ந்து வரும்படி ஒன்று எடுங்கள். இன்னொன்று: போனின் அகலக் கோண லென்ஸ் ஓரங்களை இழுத்துக் காட்டும், நேரான சுவர் சாய்ந்ததாகத் தெரியும். சாய்வு, வெடிப்பு, இடைவெளி பார்க்கும் படங்களைச் சாதாரண லென்ஸில், பொருளை நடுவில் வைத்து, நேர்முகமாக எடுக்க வேண்டும்.

போன் தானாகச் செய்யும் அழகுவேலை

இப்போதைய போன்கள் ஒரு தடவை அழுத்தினால் பல படங்களை எடுத்து ஒன்றாகக் கலக்கின்றன. இருட்டை வெளிச்சமாக்குகின்றன, நிறத்தைக் கூட்டுகின்றன. வயல் படத்தில் பச்சையைப் பச்சையாக்குவது போன் நிறுவனத்துக்கு நல்ல வியாபாரம், ஆனால் மஞ்சளித்த பயிரைக் காட்ட எடுக்கும் படத்தில் அது நேர் எதிர் வேலை. அழகூட்டல், காட்சி மேம்படுத்தல், பில்டர் என்று என்ன பெயரில் இருந்தாலும் வேலைப் படத்துக்கு அணைத்துவிடுங்கள். டிஜிட்டல் ஸூமும் வேண்டாம், நடந்து கிட்டப் போகலாம்.

சட்டம் என்ன சொல்கிறது

கந்தோர் வேலைக்குப் பெரும்பாலும் பொருத்தம் பார்த்தால் போதும். வழக்கு என்று போனால் கதை மாறும். 1995 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சாட்சியச் சிறப்பேற்பாடுகள் சட்டம் இலத்திரனியல் பதிவுகளை நீதிமன்றம் ஏற்பதற்கு வழி செய்கிறது. சாராம்சம் இது: பதிவு சம்பவம் நடக்கும்போதே எடுத்ததாக இருக்க வேண்டும், கருவி ஒழுங்காக வேலை செய்திருக்க வேண்டும், பதிவு எந்த விதத்திலும் மாற்றப்படாமல் இருக்க வேண்டும் அல்லது உரிய பாதுகாப்பில் வைக்கப்பட்டிருக்க வேண்டும். இப்படியான சாட்சியத்தைக் கொண்டுவர விரும்பும் தரப்பு விசாரணைக்கு நியமித்த நாளுக்கு 45 நாட்களுக்கு முன்பே மற்றத் தரப்புக்கு அறிவித்தல் கொடுக்க வேண்டும். மின்னணு ஆவணங்களுக்கென்று 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டமும் இருக்கிறது. எது எந்த வழக்குக்குப் பொருந்தும் என்பது சட்டத்தரணியிடம் கேட்க வேண்டியது.

"மாற்றப்படவில்லை" என்பதை எப்படிக் காட்டுவது? மூலக்கோப்பை வைத்திருப்பதுதான் முதல் வழி. வெட்டுவது, வட்டம் போட்டுக் காட்டுவது, வெளிச்சம் கூட்டுவது எல்லாம் நகலில் செய்யுங்கள், மூலத்தைத் தொடாதீர்கள். பெரிய விவகாரம் என்றால் ஷா-256 போன்ற ஹாஷ் எடுத்து எழுதி வைக்கலாம். ஒரு கோப்பிலிருந்து கணக்கிட்டு வரும் 64 எழுத்துகள் கொண்ட தொடர் அது. கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் தொடர் முழுக்க மாறிவிடும். படம் எடுத்த அன்றே அந்தத் தொடரை ஒரு மின்னஞ்சலில் அனுப்பி வைத்தால், அதற்குப் பின் கோப்பு மாறவில்லை என்று யாரும் சரிபார்க்கலாம்.

மறுபக்கமும் இருக்கிறது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் பார்வையில் அடையாளம் தெரியும் ஒரு மனிதரின் படமும் அவர் வீட்டின் ஜிபிஎஸ் புள்ளியும் தனிப்பட்ட தரவுதான். உலர் உணவுப் பொதி வாங்கும் அம்மாவை அரிசிப் பையோடு நிறுத்தி எடுத்து அன்றே முகநூலில் போடுகிறார்களே, அந்தப் படத்தின் உண்மையான தேவை கணக்குக் காட்டுவது. கணக்குக்குப் பொதியும் கையொப்பமும் தெரிந்தால் போதும், முகம் எதற்கு? எடுக்க முன் கேட்பது, எங்கே போகும் என்று சொல்வது, வேண்டாம் என்றால் பொதியைக் குறைக்காமல் கொடுப்பது. யுத்தத்தைப் பார்த்த ஊர்களில் கமரா தூக்கியவரைக் கண்டால் இன்றும் சிலர் உள்ளே போய்விடுகிறார்கள், அது ஏன் என்று வேலைக்கு வரும் இளம் பிள்ளைகளுக்கு யாராவது சொல்லிக் கொடுக்கவும் வேண்டும்.

மழை, கச்சான், உப்பு

சுருக்கமாக. ஐபி 68 என்று பெட்டியில் போட்டிருக்கும் தண்ணீர் தாங்கும் தரம் நன்னீரில் செய்த சோதனை. வாவித் தண்ணீரும் கடல் தண்ணீரும் அந்தக் கணக்கில் வராது. உப்புத் தண்ணீர் பட்டால் நல்ல தண்ணீரால் துடைத்து, முழுதாகக் காய்ந்த பிறகே சார்ஜ் போடலாம். மழையில் திரை விரலுக்குக் கட்டுப்படாது, சத்தம் கூட்டும் பொத்தானை அழுத்தினால் பெரும்பாலான போன்களில் படம் விழும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் நண்பகலில் 35 பாகையைத் தாண்டுவது புதிதில்லை. ஐபோனுக்கு அப்பிள் சொல்லும் மேல் எல்லையே 35 பாகைதான். மோட்டார் சைக்கிளின் தாங்கியில் வெயிலில் மாட்டி வந்த போன் கமராவைத் திறக்க மறுத்தால் பழுதில்லை, சூடு. ஏசி வாகனத்திலிருந்து இறங்கியவுடன் லென்ஸில் ஆவி படியும், இரண்டு நிமிடம் பொறுத்துத் துடைத்துவிட்டு எடுங்கள்.

படங்கள் எங்கே வாழ்கின்றன

ஒரு 12 மெகாபிக்சல் படம் சுமாராக 3 முதல் 5 மெகாபைட். நாளுக்கு நாற்பது படம் எடுக்கும் உத்தியோகத்தருக்கு மாதம் 4 கிகாபைட் வரை சேரும். கூகுள் கணக்கில் இலவசம் 15 கிகாபைட், அதுவும் மின்னஞ்சலோடு பங்கு. எல்லையில்லாமல் ஏற்றும் சலுகை 2021 ஜூன் 1 உடன் நின்றுவிட்டது. நான்கு மாதத்தில் நிரம்பும், பிறகு புதிய படங்கள் மேலே ஏறாமல் நிற்கும். போனைப் பார்க்கிறவருக்கு ஒரு சின்ன அறிவித்தல் வரும், அவர் அதைத் தள்ளிவிடுவார்.

கணக்கெடுப்பு வேலை என்றால் கோபோ டூல்பொக்ஸ் போன்ற படிவ ஆப்கள் நல்ல வழி. கேள்வி, இடம், படம் மூன்றும் ஒரே பதிவாகக் கட்டப்பட்டு, கவரேஜ் இல்லாத இடத்தில் போனிலேயே நின்று, வலையமைப்பு வந்ததும் ஏறும். எந்தப் படம் எந்த வீட்டுக்கு என்ற தேடல் இல்லை. ஆனால் படிவம் போடுபவர் படத்தின் அளவைக் குறைத்து வைத்திருந்தால் குறைந்த படம்தான் கிடைக்கும், அதைத் தொடங்குமுன் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த ஏற்பாடு எதுவும் இல்லாத கந்தோர்களில் நிலைமை இதுதான்: ஐந்து வருட வேலையின் படங்கள் ஒரு உத்தியோகத்தரின் சொந்தப் போனில், அவர் பிள்ளையின் பிறந்தநாள் படங்களுக்கு நடுவில் கிடக்கின்றன. போன் தண்ணீரில் விழலாம், மாற்றும்போது பழையது கடைக்குப் போகலாம், அவருக்கே இடமாற்றம் வரலாம். கிழமைக்கு ஒரு தடவை கேபிள் போட்டு, திகதியும் ஊரும் பெயராக வைத்த கோப்புறையில், கந்தோர்க் கணினியிலும் வெளி வன்தட்டிலும் இரண்டு பிரதியாக இறக்கி வைக்க அரை மணித்தியாலம் போகும். இடமாற்றக் கடிதம் வந்ததும் ஒப்படைக்கும் பட்டியலில் மேசை, கதிரை, மோட்டார் சைக்கிள் என்று எழுதுகிறார்கள் அல்லவா, அதற்குக் கீழே எத்தனை படக் கோப்புறை, எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதி வரை, எந்த வன்தட்டில் என்று ஒரு வரி சேர்த்து இருவரும் கையொப்பம் வைத்தால் போதும், இதற்கென்று தனியாகச் சுற்றறிக்கை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.